மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக் கருகும் வாடை: சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு என்ன எழுதி அனுப்பலாம்?

அரவேணு விடுதி – கேள்வி

வணக்கம். கோத்தகிரி பக்கம் சின்னத் தங்கும் விடுதி எங்களுடையது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சமவெளியிலிருந்து சொந்தக் காரில் வருகிறார்கள். அறை உறுதியானதும் வழி, இ-பாஸ், சாப்பாட்டு நேரம் எல்லாம் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புவது வழக்கம். மலைப்பாதை பற்றி அதில் இருப்பது ஒரே வரி: "வளைவுகளில் மெதுவாக ஓட்டவும்."

அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. மெதுவாக என்றால் எவ்வளவு, வண்டியை எதை வைத்து மெதுவாக்குவது என்று தெரியாமல்தானே வழிநெடுக பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறார்கள்? சீசனில் குஞ்சப்பனை தாண்டினால் சக்கரத்தில் புகையோடு ஓரங்கட்டி நிற்கும் கார்களைப் பார்க்கலாம். அந்த ஒரு வரிக்குப் பதிலாக நாலைந்து உருப்படியான வரிகள் எழுத நினைக்கிறேன். எனக்குத் தெளிவாக வேண்டியவை:

பிரேக் எதனால் இப்படிச் சூடாகிறது, அதைத் தடுக்க எந்த கியரில் இறங்கச் சொல்ல வேண்டும்? ஆட்டோமேட்டிக் வண்டிக்கு எப்படிச் சொல்வது? இப்போது வருகிற கார்களில் பாதி அதுதான். வாடை வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? மசினகுடி போகிறவர்களைக் கூகுள் மேப் செங்குத்தான கல்லட்டி இறக்கம் வழியாக அனுப்புகிறதே, அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும். காரணம் புரிந்தால்தான் ஆள் கேட்பார்கள்.

குன்னூர் பட்டறை – பதில்

நல்ல காரியம் பண்றீங்க. கொஞ்சம் நீளமாத்தான் சொல்லணும், பொறுத்துக்குங்க.

முதல்ல கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 சொச்சம். அஞ்சு பேரும் மூட்டை முடிச்சும் சேர்த்து 1,500 கிலோ வர்ற ஒரு கார் அந்த 1,900 மீட்டர் இறங்குதுன்னா, 60 கி.மீ. வேகத்துல ஓடுற அதே காரை 130 தடவை முழுசா நிறுத்துற அளவு சக்தியை எங்கயாவது கரைச்சாகணும். டயர் உருளுறதுலயும் காத்துலயும் ஒரு பங்கு போயிரும். மீதி முழுக்க என்ஜின் தலையிலயோ பிரேக் தலையிலயோ தான் விழுது. பிரேக்குக்கு விட்டா அது எல்லாத்தையும் சூடாத்தான் மாத்தும், அதுக்கு வேற வழி தெரியாது. 80, 90 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு அது. அதை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இரும்பு டிஸ்க்குக்குள்ள தள்ளுறோம்.

சூடு ஏறினா ரெண்டு விதமாக் கெடும். ரெண்டும் வேற வேற. ஒண்ணு, டிஸ்க்கைப் பிடிக்கிற பேடும் டிரம்மைப் பிடிக்கிற ஷூவும் பிடிப்பை இழக்கும். அப்ப பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்காது. கருகுற வாடை வர்றது இந்தக் கட்டத்துலதான். இன்னொண்ணு, பிரேக் ஆயிலே கொதிச்சிரும். கொதிச்சா லைன்ல ஆவிக் குமிழி உண்டாகும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால பெடல் பஞ்சு மாதிரி பொதுக்குனு தரை வரைக்கும் போயிரும். இதுதான் ஆளைக் கொல்றது, ஏன்னா முந்தின வளைவு வரைக்கும் பிரேக் நல்லாவே பிடிச்சிருக்கும்.

ஆயில் விஷயத்துல ஒரு நுணுக்கம் இருக்கு. டாட் 3, டாட் 4ங்கிறது டப்பாவுல போட்டிருக்கிற ஆயில் தரம். டாட் 3 ஆயில் புதுசுல 205 டிகிரியில கொதிக்கும், டாட் 4 ஆயில் 230 டிகிரியில. ஆனா பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறின டாட் 3 ஆயிலுக்கு 140, டாட் 4 ஆயிலுக்கு 155 வரைக்கும் எறங்கிரும். அதாவது சமவெளியில ரெண்டு மூணு வருஷம் ஆயில் மாத்தாம ஓடின வண்டி அங்க ஒரு குறையும் காட்டாது. பர்லியார் இறக்கத்துலதான் காட்டும். மலைக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் தாண்டின பிரேக் ஆயிலை மாத்தச் சொல்லுங்க. பேட் கனம் 3 மில்லிமீட்டர் வந்திருந்தா அதையும். இந்த ரெண்டையும் ஊர்லயே பார்த்துட்டு வரணும். மேல வந்து பட்டறை தேடுறது வீண் அலைச்சல்.

இப்ப கியர். ஏறும்போது எந்த கியர் கேட்டுச்சோ அதே கியர்லதான் இறங்கணும். பெரும்பாலும் ரெண்டு. கொண்டை ஊசி வளைவு செங்குத்தா இருந்தா ஒண்ணு. ரெண்டாவது கியர்ல ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டா என்ஜினே வண்டியைப் பிடிச்சு வச்சிருக்கும். சத்தம் உரக்க வரும். சமவெளிக்காரங்க அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் மூணு, நாலுன்னு மாத்திடுறாங்க. என்ஜினுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதுங்க. பெட்ரோலும் கூடச் செலவாகாது. இப்ப வர்ற இன்ஜெக்ஷன் வண்டிகள் கியர்ல இறங்கும்போது எரிபொருளையே நிறுத்திரும். நியூட்ரல்ல போட்டாத்தான் ஐடிலிங்க்காகக் குடிக்கும். "நியூட்ரல்ல விட்டா மிச்சம்"ங்கிறது கார்ப்பரேட்டர் காலத்துப் பேச்சு.

என்ஜினை அணைச்சுட்டு இறங்குறது அதைவிட மோசம். பிரேக்குக்குப் பலம் கொடுக்கிற பூஸ்டர் என்ஜின் ஓடினாத்தான் வேலை செய்யும். அணைச்ச பிறகு ரெண்டு மூணு மிதிதான், அப்புறம் பெடல் இரும்பா இறுகிரும். ஸ்டீயரிங்கும் அப்படித்தான்.

பிரேக்கே தொடக் கூடாதுன்னு அர்த்தம் இல்லைங்க. தொடுற விதம் இருக்கு. ரெண்டாவது கியர்ல 35 வரைக்கும் ஏறிடுச்சுன்னா, நல்லா அழுத்தி 20, 25க்குக் கொண்டு வந்துட்டு, காலை முழுசா எடுத்துரணும். மறுபடி ஏறினா மறுபடி அதே மாதிரி. லேசாக் காலை வச்சுக்கிட்டே இறங்குறதுதான் தப்பு. லேசா வச்சா டிஸ்க்குக்கு ஆறுறதுக்கு நேரமே கிடைக்காது.

ஆட்டோமேட்டிக். இதைத் தனியா, தடிச்ச எழுத்துல எழுதுங்க. டி-யில போட்டுட்டு இறங்கினா, காலை எடுத்ததும் "டிரைவர் நிதானமாப் போறார்"னு நினைச்சு கியர் பெட்டி மூணு, நாலுன்னு மேல மாத்திக்கும். என்ஜின் பிடிப்பு போயிரும், முழுப் பாரமும் பிரேக் மேல. ஏ.எம்.டி. (சாதாரண கியர் பெட்டியையே தானா மாத்துற வகை) வண்டின்னா லீவரை எம் பக்கம் தள்ளி, மைனஸ் பக்கம் தட்டி, மீட்டர்ல 2னு வர வைக்கணும். சி.வி.டி.ன்னா (தனித்தனி கியர் இல்லாம பெல்ட்ல ஓடுற வகை) எல், இல்லாட்டி எஸ். பழைய மாதிரி ஆட்டோமேட்டிக்ல எல், 2 இருக்கும். எந்த வண்டியா இருந்தாலும் மேட்டுப்பாளையத்துலயே, சமதரையிலயே ஒரு தடவை மாத்திப் பழகிக்கச் சொல்லுங்க. முதல் தடவை தேடுற இடம் வளைவா இருக்கக் கூடாது.

ஏ.எம்.டி.க்கு ஏற்றத்துலயும் ஒரு விஷயம். டிராஃபிக்ல நிக்கும்போது ஆக்சிலரேட்டரை லேசா அழுத்தி வண்டியைப் பிடிச்சு வைக்கிறாங்க. அதுல உள்ள இருக்கிறது சாதாரண கிளட்ச்தான், பத்து நிமிஷத்துல கருகிரும். நின்னா பிரேக், கிளம்பும்போது ஹேண்ட் பிரேக் உதவியோட கிளம்பணும்.

வாடை வந்தா என்ன பண்றதுன்னு அடுத்து எழுதுறேன். கடைக்கு ஆள் வந்திருக்கு.

எல்லநள்ளி டிரைவர் – பதில்

பட்டறை அண்ணா சொன்னதற்கு மேல் கியர் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சாலைப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

கல்லட்டி முதலில். ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தலைகுந்தாவிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் வழியாக இருப்பது 14 தான். வெளியூர் வண்டிகள் கல்லட்டி வழியாகக் கீழே இறங்க அனுமதி இல்லை, தலைகுந்தாவிலேயே திருப்பி விடுவார்கள். மசினகுடியிலிருந்து மேலே ஏறி வரலாம். காரணம் எளிது: இறக்கம் குறைந்த தூரத்தில் மிகச் செங்குத்து. என்ஜின் பிடிப்பு தெரியாத கை அங்கே பாதி தூரத்திலேயே பிரேக்கைத் தீர்த்துவிடும். மேப் குறைந்த தூரத்தைத்தான் பார்க்கும், சரிவைப் பார்க்காது. மசினகுடி போகிறவர்களுக்கு "ஊட்டி, பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தெப்பக்காடு, மசினகுடி" என்று ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதி அனுப்புங்கள். தூரம் இரண்டு மடங்குக்கு மேல்தான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வழியில் மனம் மாறிவிடும். இன்னொன்று, முதுமலை தாண்டி பந்திப்பூர் பக்கம் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து அடைப்பு. அதைப் பிடிக்க ஓடுகிற ஓட்டத்தில் நடுவட்டம் இறக்கத்தில் வேகம் எடுக்கிறார்கள். மாலை 5 மணிக்கு மேல் ஊட்டியிலிருந்து மைசூர் கிளம்ப வேண்டாம் என்று எழுதுவது நல்லது.

சீசனில் ஒருவழி மாற்றம் வரும். பர்லியார், குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம். உங்கள் விடுதி இறங்கும் வழியில் இருப்பதால் மே மாதத்தில் வருகிறவர்கள் சுற்றித்தான் வர வேண்டியிருக்கும். அவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

இனி வளைவு. மலையில் ஏறுகிற வண்டிக்கே முதல் உரிமை. அகலம் போதாத இடத்தில் இறங்குகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும், சட்டமும் அதுதான். ஏறுகிற பஸ் நடு வளைவில் நின்றுபோனால் மறுபடி எடுப்பது பாடு. பின்னால் உருளவும் செய்யும். பஸ் கொண்டை ஊசி வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், அதற்கு வேறு வழி கிடையாது. ஆகவே கீழே பஸ் தெரிந்தால் வளைவுக்கு இரண்டு மூன்று கார் நீளம் முன்பே நின்றுவிடுங்கள். வளைவுக்குள் போய் நின்றால் பஸ் ஓட்டுநருக்கும் வழி இல்லை, உங்களுக்கும் பின்னால் போக வழி இல்லை.

வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்து, கியரையும் முன்னாலேயே மாற்றிவிட வேண்டும். திருப்பும்போது கிளட்சை மிதித்தால் அந்த நேரம் வண்டி நியூட்ரலில் இறங்குகிறது என்றுதான் பொருள். மறைவான வளைவில் பகலில் ஹாரன், இரவில் விளக்கை ஒருமுறை ஏற்றி இறக்கிக் காட்டுவது. ஹாரன் அடித்துவிட்டால் போதாது, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி எதிர் ஹாரன் வருகிறதா என்று கேட்கவும் வேண்டும். பாட்டு ஓடினால் அது கேட்காது.

முந்துவது பற்றி ஒரே சொல்: லாரிக்காரர் கை காட்டினார் என்பதற்காக முந்தாதீர்கள். அவருக்குத் தெரிவது அவர் முன்னால் உள்ள சாலை. நீங்கள் முந்தி முடிக்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

கடைசியாக, விடுதிக்காரரான உங்களிடமே ஒரு கேட்பு. வாடகை வேன், டெம்போ டிராவலரில் குடும்பம் வரும். ராத்திரி முழுக்க ஓட்டி விடியற்காலையில் மேட்டுப்பாளையம், எட்டு மணிக்கு ஊட்டி, அன்று முழுக்க சுற்றிக் காட்டல். அந்த டிரைவர் ராத்திரி எங்கே தூங்குகிறார்? பல இடங்களில் வண்டிக்குள்தான், குளிரில், கண்ணாடியை அடைத்துக்கொண்டு. மறுநாள் இறக்கத்தில் அந்தக் கண்ணை நம்பித்தான் பன்னிரண்டு உயிர் உட்கார்ந்திருக்கிறது. ஹோட்டல், லாட்ஜ்களில் ஓட்டுநர் தங்க இடம் கொடுக்க வேண்டும் என்று 2023-லேயே கட்டட விதிகளில் சேர்த்தார்கள். சின்ன விடுதியானாலும் ஒரு கட்டில், ஒரு கம்பளி, சுடுதண்ணீர் கொடுத்துவிடுங்கள். நீங்கள் அனுப்பும் செய்தியைவிட அது பெரிய பாதுகாப்பு. வண்டிக்குள்ளோ அடைத்த அறைக்குள்ளோ கரி அடுப்பு வைத்துக் குளிர் காய விடாதீர்கள். அந்தப் புகை தெரியாமலே ஆளை எடுத்துவிடும்.

குன்னூர் பட்டறை – பதில்

விட்ட இடத்துல இருந்து. வாடை வந்திருச்சு, ஆனா பிரேக் இன்னும் பிடிக்குது. உடனே ஒரு கியர் குறைச்சு, அகலமா, சமமா இருக்கிற இடம் பார்த்து ஒதுக்கணும். வளைவுலயும் வேண்டாம், மண் வெட்டின சரிவுக்குக் கீழயும் வேண்டாம். சமதரை கிடைச்சா முதல் கியர்ல போட்டு என்ஜினை அணைச்சு, சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் கல்லோ கட்டையோ அணை கொடுக்கணும். ஸ்டீயரிங்கை மலைப் பக்கம் திருப்பி வச்சா, வண்டி உருண்டாலும் பள்ளத்துப் பக்கம் போகாது.

அரை மணி நேரம். பத்து நிமிஷம் போதும்னு நினைக்கிறாங்க. மேல் சூடு அடங்கியிருக்கும், உள்ள இருக்கிற சூடு அப்புறமும் ஆயில் பக்கம் ஏறிக்கிட்டுத்தான் இருக்கும். சக்கரத்துக்கிட்ட கையைக் கொண்டு போனா அனல் அடிக்கக் கூடாது, அதுதான் அளவு. தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் உரிஞ்சிரும். தண்ணி ஊத்தவே கூடாது. சூட்டுல இருக்கிற வார்ப்பிரும்பு வெடிக்கும், இல்லாட்டி கோணும். கோணின டிஸ்க் அதுக்கப்புறம் மிதிக்கிறப்பெல்லாம் உதறும்.

ஆறின பிறகு வண்டி நிக்கும்போதே பெடலை அழுத்திப் பாருங்க. பழையபடி கெட்டியா, உயரமா நின்னா ரெண்டாவது கியர்ல கிளம்பலாம். பொதுக்குனு இருந்தா ஆயில் கொதிச்சிருக்குன்னு அர்த்தம். காத்து எடுத்து புது ஆயில் ஊத்தற வரைக்கும் அந்த வண்டி ஒரு அடி இறங்கக் கூடாது. மெக்கானிக்கை அங்க வரச் சொல்லுங்க, இல்லாட்டி வண்டியைத் தூக்கிட்டுப் போற லாரி.

ஓடும்போதே பெடல் கீழ போயிருச்சுன்னா: பெடலை விட்டு விட்டு வேகமா அடிச்சுக்கிட்டே இருக்கணும், சில சமயம் கொஞ்சம் பிடிக்கும். அதே நேரம் கியரை மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு ஒவ்வொண்ணா இறக்கணும். ஹேண்ட் பிரேக்கை பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழுக்கணும். ஒரே வெட்டா இழுத்தா பின் சக்கரம் பூட்டி வண்டி சுத்திரும். பட்டன் மாதிரி எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் இருந்தா, அதை விடாம இழுத்துப் பிடிச்சா பெரும்பாலான வண்டிகள்ல அவசர பிரேக்கா வேலை செய்யும். ஹாரன் விடாம. அதுக்கும் அடங்கலைன்னா மலைப் பக்கம், அந்த ஓரத்து வாய்க்காலையும் மண் சுவரையும் உரசிக்கிட்டு நிறுத்தப் பார்க்கணும். பக்கவாட்டுத் தகடு போனாப் போகுது. சாவியை மட்டும் அணைக்கக் கூடாது.

அரவேணு விடுதி

இருவருக்கும் நன்றி. கட்டில் ஏற்பாடு இந்த வாரமே செய்துவிடுகிறேன். இரண்டு சந்தேகம். எலெக்ட்ரிக் கார்களில் வருகிறார்கள், அதற்கும் இதே அறிவுரையா? கோத்தகிரியில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துச் சுற்றுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

குன்னூர் பட்டறை

எலெக்ட்ரிக் வண்டியில மோட்டாரே டைனமோவா மாறிப் பிடிக்கும், இறக்கத்துக்கு ரொம்ப நல்லது. பிடிப்பு அளவை அதிகபட்சத்துல வச்சுக்கணும். ஆனா ஒரு பொறி இருக்கு. மேல 100 சதவீதம் சார்ஜ் பண்ணிட்டு இறங்கினா, வர்ற கரண்டை வாங்கிக்க பேட்டரியில இடம் இருக்காது. பிடிப்பு குறைஞ்சு பிரேக் மேல விழுந்திரும். இறங்கப் போறவங்க 80 சதவீதத்தோட நிறுத்திக்கட்டும். உங்க விடுதியில ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட விட்டா இதைச் சொல்ல மறந்துராதீங்க.

இருசக்கரம் – பதில்

ஸ்கூட்டர் பற்றி. கியர் இல்லாத ஸ்கூட்டரில் என்ஜின் பிடிப்பு கொஞ்சம்தான். வேகம் நன்றாகக் குறைந்ததும் உள்ளே இருக்கும் கிளட்ச் தானாக விடுபட்டு, அந்தக் கொஞ்சமும் போய், சைக்கிள் மாதிரி உருளத் தொடங்கும். மெதுவாகப் போகிறோம் என்று நினைக்கும் இடத்தில்தான் முழுப் பாரமும் பிரேக்கில் இருக்கிறது. இரண்டு பேர், செங்குத்து இறக்கம், பின்னால் டிரம் பிரேக் என்றால் சீக்கிரம் தேய்ந்து சூடாகிவிடும். இரண்டு பேராக மலை முழுக்கச் சுற்ற நினைப்பவர்களுக்குக் கியர் வண்டியே சரி.

ஸ்கூட்டர்தான் என்றால் இரண்டு பிரேக்கும் சேர்த்து, அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு. நீண்ட இறக்கத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஆற விட வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிக்க வேண்டாம், நேராக இருக்கும்போதே வேகத்தைக் கொன்றுவிட வேண்டும்.

வளைவின் உள் ஓரத்தில் டீசல் சிந்தியிருக்கும். டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏறும் லாரி, பஸ் மூடியிலிருந்து வழிவது அங்கேதான். மழை விழுந்த முதல் பத்து நிமிடத்தில் அது வானவில் நிறத்தில் மினுங்கும். மினுக்கம் தெரிந்தால் அதன் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பலும் வேண்டாம். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையும் பட்டையும் ஈரத்தில் சோப்பு மாதிரிதான்.

கையுறை கட்டாயம். டிசம்பர், ஜனவரியில் விரல் விறைத்தால் பிரேக்கைப் பிடிக்கவே ஒரு விநாடி தாமதமாகும். 40 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடி என்றால் 11 மீட்டர். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, வார் பூட்டி. துப்பட்டா, சால்வை, முந்தானை மூன்றையும் இறுக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். குளிருக்குப் போர்த்திய சால்வைதான் இங்கே அதிகமாகச் சக்கரத்தில் சிக்குகிறது.

ஊட்டி மேகம்

மூடுபனி பற்றி யாரும் சொல்லவில்லை. ஹை பீம் போட்டு, நாலு இண்டிகேட்டரும் எரியவிட்டுப் போனால் எல்லோருக்கும் தெரியும். விடுதிச் செய்தியில் இதைச் சேர்க்கலாம்.

எல்லநள்ளி டிரைவர்

வேண்டாங்க, இரண்டுமே ஆபத்து. ஹை பீம் மேகத்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். லோ பீமும், இருந்தால் கீழே உள்ள பனி விளக்கும்தான். நாலு இண்டிகேட்டரும் எரிந்தால் வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. அது நின்றுபோன வண்டிக்கு. ஓடும்போது சாதாரண விளக்கே போதும்.

பனியில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், அவர் தவறினால் நீங்களும் கூடவே. இடப்பக்க ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். நிறுத்துவதானால் சாலையை விட்டு முழுசாக இறங்கி நிறுத்துங்கள். உள் கண்ணாடியில் ஆவி படிந்தால் துணியால் துடைப்பது சில விநாடிக்குத்தான் உதவும். வெளிக்காற்று வரும் நிலையில் வைத்து, ஏ.சி.யைப் போட்டு, முன் கண்ணாடிக்குத் திருப்பிவிட்டால் ஒரு நிமிடத்தில் தெளியும். குளிரில் எதற்கு ஏ.சி. என்று கேட்பார்கள். ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கிறது, அதற்காகத்தான்.

மழைக்காலத்துக்கும் ஒரு வரி. வடகிழக்குப் பருவமழை சமயம் குன்னூர், கோத்தகிரி, பர்லியார் பக்கம் மண் சரியும். 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது, அந்தச் சமயம் மாவட்டமே துண்டு துண்டாகிப் போனது. சரிவிலிருந்து செந்நிறமாகக் கலங்கிய நீர் வழிந்தாலோ, சின்னச் சின்னக் கற்கள் உருண்டாலோ, மரம் சாலைப் பக்கம் சாய்ந்திருந்தாலோ அங்கே நிற்கவும் கூடாது, படம் எடுக்கவும் கூடாது.

பலாக் காலத்தில் கல்லாறு, பர்லியார், குஞ்சப்பனை பக்கம் யானை சாலையைக் கடக்கும். தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரனும் வேண்டாம், விளக்கை அடித்துக் காட்டவும் வேண்டாம். காட்டெருமை இரவில் தெரியவே தெரியாது, கறுப்புச் சாலையில் கறுப்பு உடம்பு. ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரப் பிரிவுச் செவிலி – பதில்

விபத்து நடந்த பிறகு செய்ய வேண்டியது பற்றி மட்டும். 108-க்குப் பேசும்போது "ஊட்டி ரோட்டில்" என்று சொன்னால் இடம் தெரியாது. கொண்டை ஊசி வளைவுகளில் எண் எழுதிய பலகை இருக்கும். அந்த எண், அல்லது அருகிலுள்ள கிலோமீட்டர் கல், ஏறும் பக்கமா இறங்கும் பக்கமா, எத்தனை பேர், யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா. இவ்வளவு போதும். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் 112 அழைத்துப் பாருங்கள், வேறு கம்பெனி டவர் கிடைத்தால் அதன் வழியாகப் போகும்.

அடுத்தது இரண்டாம் மோதலைத் தடுப்பது. சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் வைத்தால் மலையில் பயனில்லை. வருகிறவருக்கு வளைவு திரும்புவதற்கு முன்பே தெரிகிற இடத்தில் வைக்க வேண்டும். மேல் பக்கம் ஒருவர், கீழ்ப் பக்கம் ஒருவர் நின்று துணி ஆட்டினால் இன்னும் நல்லது.

தீயோ, வண்டி சரியும் ஆபத்தோ இல்லாதபோது அடிபட்டவரை இழுத்து வெளியே எடுக்காதீர்கள். கழுத்து எலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு இழுப்பு கை கால் செயலை நிரந்தரமாக எடுத்துவிடும். ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள், அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டாம், மயங்கினால் நுரையீரலுக்குப் போகும். பைக் ஓட்டி வந்தவர் மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். மலைக் குளிரில் ரத்தம் இழந்தவர் சீக்கிரம் விறைத்துவிடுவார், கம்பளியால் போர்த்துங்கள்.

உதவினால் வழக்கில் மாட்டுவோம் என்று பலர் ஒதுங்கிப் போகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. தமிழ்நாட்டில் "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு அவசரச் சிகிச்சை உண்டு, அடிபட்டவர் வெளி மாநிலத்தவர் என்றாலும். காசு இல்லையே என்று தயங்கி நேரம் கடத்த வேண்டாம்.

அரவேணு விடுதி

எல்லாவற்றையும் வைத்து எழுதிய வரைவு இது. திருத்துங்கள்.

"கிளம்பும் முன் பிரேக் ஆயில் (2 வருடம் தாண்டியிருந்தால் மாற்றவும்), பிரேக் பேட், டயர் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு மலை ஏறாதீர்கள். மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ தூங்கிவிட்டு வாருங்கள். இறங்கும்போது கிளம்பும் இடத்திலேயே இரண்டாம் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் எம் 2, எல், எஸ். டி-யில் இறங்க வேண்டாம். என்ஜின் சத்தம் இயல்பானது. வேகம் 35 தொட்டால் அழுத்தி 20-க்குக் கொண்டு வந்து காலை முழுசாக எடுத்துவிடுங்கள். ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். பஸ் வந்தால் வளைவுக்கு முன்பே நில்லுங்கள். மசினகுடிக்கு கூடலூர் வழி மட்டும். கருகும் வாடை வந்தால் ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. அவசரத்துக்கு 108, வளைவு எண்ணைச் சொல்லவும்."

குன்னூர் பட்டறை

நல்லா வந்திருக்கு. ஒரு இடம் மட்டும் மாத்துங்க, ஹேண்ட் பிரேக் வரி. சூட்டுல விரிஞ்சிருக்கிற டிரம்முல ஷூவை இறுக்கி வச்சா ஆறும்போது ஒட்டிக்கும், அரை மணி கழிச்சு சக்கரம் சுத்தாது. பின்னாடி டிஸ்க் இருக்கிற வண்டியில அதுக்கு நேர் எதிர். ஆறி சுருங்கும்போது பிடி தளர்ந்து, ஆள் டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே வண்டி தானா நகர ஆரம்பிக்கும். அதனால "சமமான இடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் அணை கொடுக்கவும்"னு எழுதுங்க. ஏ.எம்.டி.யில பெரும்பாலும் பி (பார்க்கிங்) கிடையாது, கியர் விழுந்த நிலையிலயே அணைக்கணும். மத்த ஆட்டோமேட்டிக்ல பி. சரிவுதான் கிடைச்சுதுன்னா ஹேண்ட் பிரேக்கும் போடத்தான் வேணும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அதோட இன்னும் அரை வரி சேர்த்துருங்க. கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து சாலையை விட்டு ஓரமாப் போடச் சொல்லுங்க. இருட்டுல பின்னாடி பைக் வரும்.